முதல் படமும் மறைந்த நாயகியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, மூவேந்தர் பெருமையையோ கடல் கடந்த சோழர் வெற்றியையோ நாம் எழுதுவோம் என்றே நண்பர் பலரும் எதிர்பார்த்தனர். அப்பெருமைகளை எழுதப் புலவர் பலர் உளர். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகக் கோப்புகளுடன் காலம் கழித்து வரும் நாம், நம் கண்ணுக்கு அருகிலுள்ள ஒரு செய்தியையே எழுதத் துணிந்தோம். அது நாம் குடியிருக்கும் இத் திருவனந்தபுர நகரில் நடந்தது. அதில் முதன்மை பெற்ற இருவரும் இறுதியில் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்து மறைந்தவர்கள். ஆயினும் நம் காலனிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனை அறிவர் என்று கேட்டுப் பார்த்தபோது, விடை நமக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை.

செய்தி இதுதான். மலையாளத்தின் முதல் திரைப்படம் எனப் போற்றப்பெறும் 'விகதகுமாரன்' என்னும் பேசாப்படம் இந்நகரின் பட்டம் பகுதியில் உருவாகியது. அதனை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்து, நாயகனாகவும் நடித்தவர் ஜே. சி. டானியல். அவர் அகத்தீசுவரத்து நாடார் குடும்பத்தினர்; கன்னியாகுமரிச் சீமை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த காலத்தவர். களரிப் பயிற்சியில் பேரார்வம் கொண்டவர். சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று படத்தொழிலைக் கண்டறிந்து, குடும்பச் சொத்தை விற்று, 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடெங்கும் புராணப் படங்களே மிகுதியாக எடுக்கப்பட்ட அந்நாளில், அவர் சமூகக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

படம் இந்நகரின் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. அக்கொட்டகை இன்றைய ஏஜீஸ் ஆபீஸ் பக்கத்தில் இருந்தது. ஆண்டு 1928 என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் என்பது பின்னர் ஆராய்ந்தோர் முடிவு. ஆண்டில் வேற்றுமை இருப்பினும் நிகழ்ச்சியில் வேற்றுமை இல்லை. படத்தைக் கண்ட கூட்டத்தில் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தனர். திரையின்மீது கற்கள் பாய்ந்தன. கதை பிடிக்கவில்லை என்றோ, படம் தெளிவாக இல்லை என்றோ அவர்கள் சினங்கொள்ளவில்லை. திரையில் நாயர் குலத்துச் சரோஜினியாகத் தோன்றிய பெண், பிறப்பால் புலையர் குலத்தவள் என்பதே அவர்கள் சினத்துக்குக் காரணம்.

அப்பெண்ணின் பெயர் பி. கே. ரோசி. கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், புல்லறுத்து விற்றுப் பிழைத்தவர் என்பர். அத்துடன் காக்காரிசி நாடகத்திலும் நடித்து வந்தார். இந்நாடகம் தமிழர்களாகிய நமக்கு அயலானதன்று. தென் திருவிதாங்கூர் ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்த உரையாடலோடு ஆடப்பெறுவது அது. சிவபெருமானும் உமையும் நாடோடிக் காக்கானாகவும் காக்காத்தியாகவும் மண்ணுலகிற்கு வந்து அலைவதாக அமைந்தது அதன் கதை. இறைவனே தாழ்ந்தோன் கோலம் பூண்டு வருவதை ஊரார் கைகூப்பிக் கண்டு களித்தனர். ஆனால் தாழ்ந்தோள் எனத் தாம் கருதிய ஒருத்தி, உயர்ந்தோள் கோலம் பூண்டபோது கல்லெடுத்தனர். இக்கட்டுரை சொல்ல விரும்புவது யாவும் இந்த ஒரு முரணில் அடங்கும்.

டானியல் முதலில் பம்பாயிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய நடிகையை வரவழைத்தார் என்றும், அவருடைய செலவும் வசதிகளும் தம் ஆற்றலுக்கு மேற்பட்டன ஆகவே அவரை அனுப்பிவிட்டு ரோசியைத் தேர்ந்தார் என்றும் கூறுவர். இது மெய்யெனின், நாம் ஊன்றி எண்ண வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பம்பாய் நடிகை சரோஜினியாக நடித்திருந்தால் கல் விழுந்திருக்குமோ? விழுந்திராது என்றே அக்காலப் பட வரலாறு நமக்கு உணர்த்துகிறது. நற்குடிப் பெண்கள் நடிக்க முன்வராத காலம் அது. 1913-இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா அரிச்சந்திரா' எடுத்தபோது, அரசி தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்னும் ஆடவர். அதன்பின் வந்த பேசாப்பட உலகில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் இந்துப் பெயர் சூடி நாயகியராயினர். ரூபி மையர்ஸ் என்னும் யூதப் பெண் 'சுலோசனா' ஆகிப் புகழின் உச்சியில் நின்றார். ரெனி ஸ்மித் என்பவர் 'சீதாதேவி' ஆகி, 1925-இல் வெளிவந்த புத்தர் வரலாற்றுப் படத்தில் சித்தார்த்தரின் துணைவியாகவே நடித்தார். அவர்தம் குலத்தை ஒருவரும் கேட்டாரில்லை; பிறப்பைப் பழித்துக் கல்லெறிந்தாரும் இல்லை. வெள்ளை மேனி இருந்தமையால், கபிலவத்துவின் அரண்மனைக் கதவும் அவர்க்குத் திறந்தது. இந்நகரத்துக் கரிய பெண்ணுக்கோ ஒரு தறவாட்டு வாயில்கூடத் திறக்கவில்லை.

கல்லெறிந்தோரின் சினத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமெனின், இந்நாட்டில் உடையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். திருவிதாங்கூரில் உடை என்பது வெறும் உடையன்று. இன்னார் இன்ன குலத்தார் என்று கூறும் முத்திரையாக அது இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டனர். 1859-இல்தான் அரசு அவ்வுரிமையை வழங்கி ஆணை பிறப்பித்தது. அப்போதும் மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்னும் தடை நின்றது. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிந்தாக வேண்டும் என்பது மற்றொரு கட்டு. அதனை அறுத்தெறியுமாறு அய்யங்காளி அழைத்ததும், கொல்லத்தில் பெண்கள் மாலைகளைக் கழற்றிக் குவித்ததும் 1915-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள். வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளியே 1893-இல் தடையை மீறி வில்வண்டியில் ஏறி அரசப் பாதையில் சென்றவர். வெள்ளயம்பலம் சந்திப்பில் நாம் நாள்தோறும் காணும் சிலை அவருடையது. வி.ஜே.டி. ஹால் என்று நாம் அழைத்து வந்த மன்றம் 2019-இல் அவர் பெயர் பெற்றது.

ஆகவே சரோஜினியின் உடையில் ரோசி திரையில் நின்றபோது, எதிர்ப்போர் கண்களுக்கு அவர் நடிகையாகத் தோன்றவில்லை. எல்லை கடந்த குற்றவாளியாகவே தோன்றினார். நாயகன் அவர் கூந்தலில் சூடிய மலரை முத்தமிடும் காட்சி வந்தபோது ஆரவாரம் எல்லை மீறியது என்பர். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கோயிலின் வாயிலே திறவாத நாளில் வெள்ளித்திரை மட்டும் எவ்வாறு திறந்திருக்கும்? மேலாடைக்காகப் போராடிய குலத்தில் பிறந்த ஒருவர், கல்மாலையை அறுத்த குலத்தில் பிறந்த ஒருத்திக்கு அந்த உடையைத் தந்தார் என்பதுதான் இப்படத்தின் உண்மையான துணிவு. அத்துணிவுக்குரிய விலையை இருவரும் செலுத்தினர்.

ரோசியின் குடிசைக்குத் தீயிட்டனர் என்பது பலரும் கூறும் வரலாறு. இரவோடு இரவாக அவர் நகரை விட்டு ஓடினார். இவ்விடத்தில் இரயில்வேக்காரர்களாகிய நமக்கு ஓர் எண்ணம் தோன்றுவது இயல்பே. கொல்லத்திலிருந்து இருப்புப்பாதை இந்நகரை எட்டியது 1918-இல். தம்பானூர் வரை அது நீண்டது 1931-இல். தெற்கே நாகர்கோவிலுக்குப் பாதை திறக்கப்பட்டது 1979-ஆம் ஆண்டில்தான். ஆகவே அந்த இரவில் தெற்கு நோக்கிச் செல்ல அவருக்குப் புகைவண்டி இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் சென்றுகொண்டிருந்த லாரி ஒன்றில் ஏறினார் என்றும், அதன் ஓட்டுநரையே பின்னர் மணந்தார் என்றும் கூறுவர். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்னும் பெயரோடு இல்லறம் நடத்தினார். நாகர்கோவில் பாசஞ்சரில் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்கள், அச்சத்தோடு அவர் கடந்த அதே வழியைத்தான் கடலை கொறித்துக்கொண்டே கடந்து வருகின்றன.

அதன்பின் அவர் எப்படத்திலும் நடித்தாரில்லை. முதல் படமே அவருக்கு இறுதிப் படமும் ஆயிற்று. தாம் திரை நாயகியாக இருந்ததைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதில்லை என்பர். வெளியில் சொன்னால் அடித்தும், சொல்லாதிருந்தால் வாழவும் விடும் உலகில், அவர் வாழ்வைத் தேர்ந்துகொண்டார். அதில் நாம் குறை காண இயலுமோ?

டானியலின் நிலையும் இரங்கத்தக்கதே. கடன் சூழ்ந்தது, நிறுவனம் மூடப்பட்டது. அவர் பல் மருத்துவராகித் தமிழ்நாட்டு ஊர்களில் தொழில் செய்து, முதுமையில் அகத்தீசுவரம் திரும்பி, 1975-இல் வறுமையில் மறைந்தார். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டமையால், கேரளத்துக்கு அவர் தமிழராயினர். தமிழகத்துக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவராயினர். இரு வீட்டாராலும் அழைக்கப்படாத விருந்தாளி போல் அவர் இறுதி நாள்கள் கழிந்தன. அவர் வரலாற்றை வெளிக்கொணர்ந்தவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பட வரலாற்று எழுத்தாளர். பின்னர்க் கேரள அரசு 1992-இல் டானியல் பெயரால் விருது நிறுவியது. இன்று மலையாளப் படவுலகில் வாழ்நாள் பணிக்கு வழங்கப்பெறும் உயர்ந்த விருது அதுவேயாம். 2013-இல் வெளிவந்த 'செல்லுலாய்டு' என்னும் படம் டானியலின் கதையையும் ரோசியின் கதையையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2019-இல் மலையாளத் திரைப் பெண்கள் ரோசியின் பெயரால் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினர். 'விகதகுமாரன்' படத்தின் பிரதியோ இன்று எங்கும் இல்லை. திரையில் அவர் தோன்றிய ஒரு கணத்தையும் நாம் இனிக் காண்பதற்கில்லை.

இனி, கல்லெறிந்தோரை மட்டும் பழித்துவிட்டு நாம் அமைதி கொள்ளலாமா என்று சிறிது சிந்திப்போம். ரோசி விரட்டப்பட்ட பின் அவர் குலத்துப் பெண்ணின் கதை திரைக்கு வராமற் போகவில்லை. 1954-இல் வெளிவந்து குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற 'நீலக்குயில்', தாழ்த்தப்பட்ட குலத்து நீலியின் துயரக் கதை. சாதிக் கொடுமையைச் சாடிய சிறந்த படம் அது என்பதில் ஐயமில்லை. நீலியாக நடித்துப் புகழ் பெற்றவர் மிஸ் குமாரி. 1965-இல் வந்த 'செம்மீன்', குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டுக்கு முதன்முதலாகக் கொணர்ந்தது. அதன் நாயகியாகிய மீனவப் பெண்ணின் பெயரே கறுத்தம்மா. ஆயினும் அப்பாத்திரத்தை ஏற்றவர் ஷீலா. இருவரும் செல்வாக்குள்ள கிறித்தவச் சமூகத்திலிருந்து வந்த அழகிய நடிகையர், நன்றாகவே நடித்தனர், அவர்களை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது வேறு. நீலியாக மிஸ் குமாரி நடித்தால் அது நடிப்பு. சரோஜினியாக ரோசி நடித்தால் அது குற்றம். இஃது என்ன நீதி? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்னும் பழமொழி இதற்காகவே எழுந்தது போலும்.

நம் தமிழ்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. சிதம்பரம் செல்ல ஏங்கிய நந்தனாரின் கதை பலமுறை படமாயிற்று. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் அவ்வேடத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் பெற்றது அந்நாளில் நாடெங்கும் பேச்சாயிருந்தது. 1942-இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராகி உள்ளம் உருகப் பாடினார். நந்தனாரின் சேரியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து அவ்வேடத்தைக் கொடுப்போம் என்ற எண்ணம் எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. நந்தனார் திரைக்குள் வந்தார். நந்தனாரின் மக்கள் தரை டிக்கெட்டிலேயே அமர்ந்திருந்தனர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்கப் படங்களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி நீக்ரோவர் எனத் தோன்றி இழிவாக நடித்த வழக்கம் நெடுநாள் இருந்தது. 1915-இல் வந்த 'ஒரு நாட்டின் பிறப்பு' என்னும் படம் அவ்வகையில் மிகக் கொடியது. 1937-இல் சீன உழவர் வாழ்வைக் கூறும் 'நல்ல நிலம்' எடுக்கப்பட்டபோது, சீன மரபில் வந்த அன்னா மே வாங் என்னும் புகழ் பெற்ற நடிகை ஹாலிவுட்டிலேயே இருந்தார். நாயகி வேடமோ லூயிஸ் ரெய்னர் என்னும் ஐரோப்பியப் பெண்ணுக்குச் சென்றது. அவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. வெவ்வேறு இனத்தார் காதலிப்பதாகக் காட்டலாகாது என்னும் விதி அந்நாளில் அப்படவுலகில் இருந்தது. நாயகன் வேடத்தில் வெள்ளையர் இருந்தமையால், உண்மைச் சீனப் பெண்ணுக்கு நாயகி வேடம் எட்டாக்கனி ஆயிற்று. கேப்பிட்டல் கொட்டகையில் கல் செய்த வேலையை அங்கு விதி செய்தது. நம் இரயில்வே வாழ்க்கையையே கதையாகக் கொண்ட 'பவானி ஜங்ஷன்' 1956-இல் வந்தபோதும், ஆங்கிலோ இந்திய நாயகியாக நடித்தவர் ஏவா கார்ட்னர் என்னும் அமெரிக்க நடிகை. அதில் வரும் சீக்கிய இளைஞராக நடித்தவர் ஓர் ஆங்கிலேயர்.

"நடிப்பென்பதே பிறராக மாறுவதன்றோ? உழவனாக உழவனும், அரசனாக அரசனுமே நடிக்க வேண்டுமென்றால் கலை ஏது?" என்று சில நண்பர்கள் கேட்பர். நல்ல கேள்வியே. நாமும் அதனை ஒப்புகிறோம். எவரும் எவராகவும் நடிக்கலாம் என்பதே கலையின் அறம். ஆனால் அவ்வறம் இருபுறமும் ஓட வேண்டும். நம் தொழில் மொழியிற் கூறுவதாயின், மேலிருந்து கீழே வரும் வண்டிக்கு எப்போதும் கைகாட்டி இறங்கியே இருக்கிறது. கீழிருந்து மேலே செல்லும் வண்டியோ வெளிச் சிக்னலிலேயே நின்றுவிடுகிறது. ரோசி அந்தச் சிக்னலைக் கடந்தார். கடந்த குற்றத்துக்காக அவர் பெயரையே மாற்றிக்கொண்டு வாழ நேர்ந்தது.

இறுதியாக, நம் வீட்டுக் குறை ஒன்றையும் மறையாது கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிப் பிள்ளைகளைக் கொண்டு ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம் நடத்தினோம். நாடகக் குழுவில் நாமும் இருந்தோம். பாண்டியன் அவை வசனத்தைத் தெளிவான குரலில், ஓர் எழுத்தும் பிறழாமல் சொன்ன பெண் ஒருத்தி இருந்தாள். அவள் சற்றுக் கறுத்த பிள்ளை. வசனத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்ன, வெளுத்த பிள்ளை ஒருத்திக்கே கண்ணகி வேடத்தைக் கொடுத்தோம். "மேடை வெளிச்சத்தில் எடுப்பாக இருக்கும்" என்று நாம் சொன்ன சொல் இன்றும் நம் காதில் நிற்கிறது. கறுத்த பிள்ளைக்குத் தோழி வேடம். அதற்கும் முகத்தில் பவுடரை அப்பினோம். விழா நாளன்று அப்பிள்ளையின் தாய் திரைக்குப் பின்னே வந்து, "அண்ணாச்சி, அந்தப் பவுடர் மட்டும் வேண்டாமே. வேர்வையில வழிஞ்சா பிள்ளைக்கு மேடையில கூச்சமா இருக்கும்" என்று மெல்லச் சொன்னார். அவர் கடிந்து பேசவில்லை. நம்மைக் குற்றம் சாட்டவுமில்லை. நாடகம் நடந்தது. கண்ணகி இடையிலே வசனத்தை மறந்தபோது, பக்கத்தில் நின்ற தோழியே உதட்டசைத்து எடுத்துக் கொடுத்தாள். அவையோர் கண்ணகிக்குக் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

சிலப்பதிகாரம் நாடகமாகும்போது கண்ணகி வெளுத்தவளாய் இருக்க வேண்டும் என்று நமக்கு எவர் கற்பித்தார்? கறுப்புத் திருமாலையும் கரிய காளியையும் நாள்தோறும் வணங்கிவிட்டு, பிள்ளையின் முகத்தில் மாவு பூசும் மனம் நமக்கு எங்கிருந்து வந்தது? கேப்பிட்டல் கொட்டகையில் கல்லெறிந்த கை ஒன்று. பவுடர் டப்பாவை எடுத்த நம் கை மற்றொன்று. இரண்டுக்கும் அளவில் வேற்றுமை உண்டு. வகையில் வேற்றுமை உண்டென்று துணிந்து கூற நம்மால் இயலவில்லை.

ஆதலின் சங்கத்து அன்பர்கள் முன்னே ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில், தேர்வுக் குழுவினர் திரைக்கு இப்பால் அமரட்டும். பிள்ளைகள் திரைக்கு அப்பால் நின்று வசனம் சொல்லட்டும். குரலும் தமிழும் உணர்ச்சியும் எவரிடம் சிறக்கின்றனவோ, வேடம் அவருக்கே ஆகட்டும். அந்நாளைய தோழி இப்போது கல்லூரி செல்லும் பெண்ணாக வளர்ந்துவிட்டாள். அவளையே அக்குழுவில் ஒருவராக அமர்த்த வேண்டுமென்பதும் நம் விருப்பம். ஒரு நாயகியை இரவோடு இரவாக அனுப்பிவைத்த நகரத்தில் வாழும் நாம், மற்றொருத்தியை மேடைக்கு அழைத்து வருவதே அவருக்கு நாம் செலுத்தும் தக்க வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!